டார்ச் வெளிச்சமே போதும்

காரைக்கால் வட்டாரத்துக்குப் பேய் புதிதல்ல. அழகை உதறிவிட்டுப் பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார் பிறந்த மண் இது. குழிவிழுந்த கண், ஒட்டிய வயிறு, புடைத்த நரம்பு என்று சுடுகாட்டுப் பேயை அவர் பாடியதைப் படித்தால் இன்றைக்கும் சிலிர்க்கும். இதே வட்டாரத்து அம்பகரத்தூரிலோ அம்பரன் என்ற அசுரனை வதம் செய்த பத்ரகாளியம்மனே ஊர்த்தெய்வம். இப்படிக் கதை கேட்டு வளர்ந்தவர்களைச் சினிமாப் பேய் பயமுறுத்துவது லேசான காரியமில்லை. வெள்ளைச் சேலையும் அலறும் இசையும் மட்டும் வந்தால் சிரித்துவிடுவார்கள்.

சிரிக்கவிடாத படம் ‘பீட்சா’.

2012 அக்டோபரில் அது வெளியானபோது எதிர்பார்ப்பு பெரிதாக இல்லை. இயக்குநர் கார்த்திக் சுப்புராஜ், ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். முதலில் அவர் கையில் இருந்தது ‘ஜிகர்தண்டா’ கதை. அதை எடுக்கப் பணம் அதிகம் வேண்டும். எனவே சின்னச் செலவில் முடிகிற மாதிரி இன்னொன்றை எழுதினார். தயாரிப்பாளர் சி.வி.குமாருக்கு அதற்கு முன் ‘அட்டகத்தி’ ஒன்றுதான். நாயகன் விஜய் சேதுபதியின் பெயருக்காக அன்று யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.

படத்தின் உயிர் ஒரு பங்களாவில் இருக்கிறது. பீட்சா கொடுக்க வந்த மைக்கேலை நிற்கச் சொல்லிவிட்டு, சில்லறை எடுக்க மாடிக்குப் போகிறாள் ஒரு பெண். கரண்ட் போகிறது. அவன் கையில் ஒரு டார்ச். அதற்குப் பிறகு நெடுநேரம் அந்த வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் நமக்குத் தெரியும்; மற்றதெல்லாம் இருட்டு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த இருட்டில் கோபி அமர்நாத்தின் கேமராவும் சந்தோஷ் நாராயணனின் இசையும் நம்மையே அரண்டவனாக்கிவிடுகின்றன. அதற்கு முன்பே மைக்கேலும் அவன் காதலி அனுவும் ஒரே வீட்டில் வாழ்கிற வாழ்க்கையைப் பொறுமையாகக் காட்டிவிடுவதால், அவனுக்கு என்ன ஆகுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. பயத்துக்கு அஸ்திவாரம் இந்த அக்கறைதான், கிராபிக்ஸ் அல்ல. இதற்கு மேல் கதையைச் சொல்வது, படத்தை இன்னும் பார்க்காதவர்களுக்குச் செய்கிற துரோகம்.

சின்னச் செலவில் பயமுறுத்துவதில் வெளிநாட்டிலும் இதே கதைதான். ஓரன் பெலி தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. பணம் இல்லாதபோது திரைக்கதைதான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கிறது. நல்ல எழுத்தாளர் கிடைத்தால் அது பலமாகிவிடுகிறது.

‘பீட்சா’ ஓடியதும் கோடம்பாக்கம் கற்றுக்கொண்ட பாடம்தான் வருத்தம் தருகிறது. எழுத்தை விட்டுவிட்டு பங்களாவைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பழைய வீடு, நாலு நகைச்சுவை நடிகர்கள், ஒரு பேய் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. 2015இல் வந்த ‘மாயா’வும் ‘டிமான்ட்டி காலனி’யும் மரியாதைக்குரிய விதிவிலக்குகள்.

நட்சத்திரம் இல்லாத படம், பார்த்தவர்கள் சொல்லித்தான் பிழைக்க வேண்டும். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவுவதற்குள் காட்சியைக் குறைத்துவிட்டால் எந்த நல்ல படமும் தேறாது. திரையரங்குகள் இத்தகைய படங்களுக்கு இரண்டாவது வாரத்தையும் கொடுக்க வேண்டும். ரசிகர்களும் செல்போனில் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உள்ளங்கைத் திரையில் இந்த இருட்டு பயம் காட்டாது. புதியவர் ஒருவரின் பேய்ப் படம் நன்றாக இருக்கிறது என்று காதில் விழுந்தால் முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் முடிவை மட்டும் மறைத்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுங்கள்.