அழிவு நின்றால்தான் மீட்சி

‘மனிதர்கள் என்ன செய்தாலும் பூமி மீண்டுவிடும், ஐந்து பேரழிவுகளைத் தாண்டிவந்த கோள் இது’ என்று சூழலியல் விவாதங்களில் அடிக்கடி சொல்லப்படுகிறது. உயிர்கள் மீண்டது உண்மைதான். எவ்வளவு காலத்தில், எந்த நிபந்தனையில் மீண்டன என்று கேட்டால் அந்த ஆறுதல் நிலைக்காது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மெக்ஸிகோவின் யுகட்டான் பகுதியில் விண்கல் மோதியதில் அவற்றில் கடைசிப் பேரழிவு நேர்ந்தது. அடுத்து நடந்தவற்றை அமெரிக்காவின் கொலராடோவில், கோரல் பிளஃப்ஸ் பாறைகளில் காணலாம். அங்குள்ள உருண்டைக் கற்களை உடைத்தபோது உள்ளே பாலூட்டிகளின் மண்டையோடுகள் இருந்தன. எலி அளவில் எஞ்சிய பாலூட்டிகள் 7 லட்சம் ஆண்டுகளில் 50 கிலோ எடையை எட்டியிருந்தன. அவரைக் குடும்பத் தாவரங்களின் காய்களும் அக்காலப் பாறையில் பதிந்திருக்கின்றன.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் பேரழிவின் கதை வேறு. மேற்கு வங்கத்தின் ராணிகஞ்சில் பெர்மியன் காலப் பாறைகளில் நிலக்கரி கொட்டிக் கிடக்கிறது. அதற்கு மேலுள்ள பஞ்செட் அடுக்கில் நிலக்கரியே இல்லை. அந்த அடுக்கில் கிடைப்பவை, பன்றி அளவிலான லிஸ்ட்ரோசாரஸ் என்ற தாவர உண்ணியின் எலும்புகள். கரியாக மாறுவதற்குச் சதுப்புக் காடுகள் எஞ்சவில்லை. உலகெங்கும் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுகளுக்கு இதே நிலைதான்.

ஏன் இந்த வேறுபாடு? விண்கல் ஒருமுறைதான் மோதியது. பெர்மியன் அழிவுக்குக் காரணமான சைபீரிய எரிமலைகளோ நெடுங்காலம் கரியமில வாயுவைக் கக்கின. அதன் பிறகும் வெப்பம் திரும்பத் திரும்ப ஏறியது. எழ முயன்ற உயிர்கள் மீண்டும் மீண்டும் அடிவாங்கின. காடழிப்பு, கரிம உமிழ்வு என நாம் நிறுத்தாமல் செய்துவருபவை இந்த இரண்டாவது வகையையே ஒத்திருக்கின்றன. அடுத்த 50 ஆண்டுகளுக்குள் அழிவின் வேகம் இயல்புக்குத் திரும்பினாலும், பாலூட்டிகளின் பன்மை இன்றைய நிலையை எட்ட 30 முதல் 50 லட்சம் ஆண்டுகள் ஆகும் என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் இனத்தின் வயதே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான்.

ஆக, நம் கையில் இருப்பது காரணத்தை நிறுத்துவது மட்டுமே. பாறுக் கழுகுகளின் அனுபவம் இதற்குச் சான்று. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி செலுத்தப்பட்ட மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது. வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2006இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடைவிதித்த பிறகு, சரிவின் வேகம் தணிந்தது. ஆனால், ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை இழந்ததை எளிதில் ஈடுசெய்யாது. மாட்டின் உடலுக்குள் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக்குக்குத் தடைவர 2023 ஆகிவிட்டது. அதுவரை அந்த நஞ்சுக்கு மாற்றுப் பெயரில் வழி திறந்தே இருந்தது.

தமிழ்நாட்டின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. அவை நிலைக்க, கால்நடைகளுக்கான எந்த வலிநிவாரணியும், பாறுகளுக்குத் தீங்கற்றது என்று நிறுவப்பட்ட பிறகே விற்பனைக்கு வர வேண்டும். பறவைகள் செத்து விழுந்த பிறகு தடைவிதிக்கும் நடைமுறையை மத்திய அரசு கைவிட வேண்டும்.