சூபாபுல் தழையும் ஆட்டின் வயிறும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மானாவாரி நிலங்கள் உண்டு. கோடையில் மேய்ச்சல் கருகும்போது வெள்ளாடு வளர்ப்போருக்குக் கைகொடுப்பது மரத்தழை. அதில் சூபாபுல் என்னும் சவுண்டல் புரதம் மிகுந்தது. வெட்ட வெட்டத் துளிர்ப்பது. ஆயினும் அதை மட்டுமே தொடர்ந்து தின்னும் ஆடுகள் முடி உதிர்ந்து, எச்சில் ஒழுகி, மெலிந்து போவதுண்டு. மரத்தின் மீது மட்டும் பழி போடுவது சரியல்ல. ஆட்டின் வயிற்றையும் பார்க்க வேண்டும்.

இத்தழையில், குறிப்பாகக் கொழுந்தில், மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. பெருவயிற்றில் அது வேறொரு பொருளாக மாறி, தைராய்டு சுரப்பியைப் பாதிக்கிறது; கழுத்தில் கழலை தோன்றலாம். அப்பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிர் போதிய அளவில் வயிற்றில் இருந்தால் தீங்கு குறையும்.

ஆஸ்திரேலியாவில் சூபாபுல் மேய்ந்த மாடுகள் நோயுற்றன. ஹவாய்த் தீவு ஆடுகளோ அதே தழையைத் தின்று நலமாக இருந்தன. இதை ஆராய்ந்தவர் ஆஸ்திரேலிய விஞ்ஞானி ரேமண்ட் ஜோன்ஸ். சூபாபுலின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். விதை கடல் கடந்து ஆஸ்திரேலியா சேர்ந்தது. நுண்ணுயிர் உடன் சேரவில்லை. 1980-களில் ஹவாய் ஆடுகளின் வயிற்று நுண்ணுயிர்கள் அந்நாட்டு மாடுகளுக்குப் புகட்டப்பட்டன. நச்சுத் தொல்லை பெரிதும் தணிந்தது. சில மாடுகளுக்குக் கொடுத்தது, கூடி மேய்ந்த மற்றவற்றுக்கும் பரவியது. பின்னர், பல நாட்டுக் கால்நடைகளில் இந்த நுண்ணுயிர் சிறிய அளவில் இருப்பது தெரிய வந்தது. எல்லா ஆட்டுக்கும் ஒரே பாதுகாப்பு இல்லை என்பதே இதன் பொருள்.

சந்தையில் வாங்கிய ஆட்டைக் கொட்டிலில் அடைத்து, முதல் நாளே சூபாபுலைக் கட்டித் தொங்கவிடுவது தவறு. ஆட்டுக்கொல்லி போன்ற நோய்களுக்கு அஞ்சி, புது ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டுவது அவசியம். ஆனால் தனிமை அத்துடன் முடிய வேண்டும். பிறகு, தழை தின்று பழகிய நலமான ஆடுகளுடன் ஒரே தொட்டியில் தீனி தின்ன விடவேண்டும்.

தழையைக் கைப்பிடியளவில் தொடங்கி, சில வாரங்களில் கூட்டலாம். மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மீதிக்குப் புல், சோளத்தட்டை, கடலைக்கொடி கலக்கவும். சினை ஆடுகளுக்கு இன்னும் குறைப்பது நலம். முடி உதிர்ந்தால் தழையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அணுகவும்.

சூபாபுல் கன்று வழங்குவோர் நடும் முறையை மட்டும் சொன்னால் போதாது. தின்ன வைக்கும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு ஆடு வைத்திருப்பவருக்கு ஓர் ஆடு போனாலும் பாதிச் சொத்து போனதாகும்.