அஞ்சல்பெட்டியில் பெயர் வருமா?

ஆறு மாத ஆய்வு, எட்டு மாத அலுவலகப் பணி, ஒரு பருவப் படிப்பு என்று ஜெர்மனிக்குக் கிளம்புகிறவர்கள் விசா கையில் வருவதற்கு முன்பே வீடு தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் தேடுவது சாமான்களோடு கூடிய வீடு. அது நியாயம்தான். அங்கே வெறும் வீடு என்றால் பல சமயம் சுவரும் தரையும் மட்டுமே. முன்பு குடியிருந்தவர் சமையலறை அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி வரை கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு இருந்த இடத்தில் கூரையிலிருந்து கம்பி முனைகள் தொங்கும். நான்கைந்து மாத வாசத்துக்காக யாரும் சமையலறையை விலைக்கு வாங்கிப் பொருத்த மாட்டார்கள். அதனால் கட்டில் எத்தனை, துணி துவைக்கும் இயந்திரம் உண்டா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த முகவரியில் என் பெயரைப் பதிவு செய்துகொள்ள முடியுமா? முடியாது என்று பதில் வந்தால், மற்ற வசதிகள் எத்தனை இருந்தாலும் அந்த வீடு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் அங்கே உள்ள அஞ்சல்பெட்டியிலேயே தெரியும். பெர்லினின் ஐந்து மாடிப் பழைய குடியிருப்புகளின் முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும் மட்டும்தான் இருக்கும். வீட்டுக்கு வீடு தனி எண் எழுதும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. நம் ஊரில் பழைய எண், புது எண், இரண்டாவது மாடி, மாடிப்படிக்கு இடப்பக்கம் என்று எழுதினால் ஆள் பெயர் தெரியாவிட்டாலும் கடிதம் வந்து சேர்ந்துவிடும். அங்கே தபால்காரர் பார்ப்பது பெயரை மட்டும். வாசலில் வரிசையாக இருக்கும் அழைப்புமணிப் பொத்தான்களின் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு, உள்ளே அஞ்சல்பெட்டியின் மேல் அதேபோல் இன்னொன்று. அதில் குடும்பப் பெயர் இருந்தால் கடிதம் உள்ளே விழும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போகும். வங்கி அட்டை ஒரு உறையிலும் அதன் ரகசிய எண் இன்னொரு உறையிலும் தபாலில் வருகிற நாடு அது. அங்கே அந்தச் சின்னச் சீட்டு இல்லாதவர் ஊரில் இருந்தும் இல்லாதவர்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்று அதைச் சொல்வார்கள். வெறும் வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இவர் இன்ன தேதியில் என் வீட்டில் குடியேறினார் என்று வீடு கொடுத்தவர் எழுதித் தரும் சான்று வேண்டும். பொய் முகவரிகளைத் தடுப்பதற்காக 2015 நவம்பர் 1 முதல் இது மறுபடியும் கட்டாயமாக்கப்பட்டது. பதிவு ஆன பிறகுதான் வரி அடையாள எண் தபாலில் வரும். அந்த எண் போய்ச் சேராவிட்டால் சம்பளத்தில் உச்ச விகிதத்தில் வரி பிடிக்கப்படும் நிலை வரலாம். வெளிநாட்டவர் அலுவலகம் வசிப்புரிமை அட்டைக்குப் பதிவுச் சான்றைக் கேட்கும்; கணக்குத் தொடங்கப் பல வங்கிகளும் கேட்கும். யாரிடமாவது காசு கொடுத்து ஒரு முகவரியை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது விபரீதம். குடியிருக்க எண்ணமில்லாதவருக்குப் பதிவுக்கென்று முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அப்படியானால் வீட்டை வாடகைக்கு விடுகிறவர் பதிவுக்கு ஏன் மறுக்கிறார்? சாமான்களோடு சில மாதத்துக்குக் கிடைக்கும் வீடுகளில் கணிசமானவை உள்வாடகை வீடுகள். வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளியூர் போகும் குடித்தனக்காரர், தன் கட்டிலையும் பாத்திரங்களையும் அப்படியே விட்டுவிட்டு வீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காதவர்தான் பெரும்பாலும் பதிவு வேண்டாம் என்கிறார். அஞ்சல்பெட்டியில் புதுப் பெயர் வந்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் அவருக்கு. நாளை உரிமையாளர் அவருடைய ஒப்பந்தத்தை முறித்தால், உள்வாடகைக்கு வந்தவரும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். ஆக, பதிவு முடியுமா என்ற ஒரே கேள்வி இரண்டு வேலை செய்கிறது. நம் காகிதங்களுக்கு வழி செய்கிறது. எதிரே இருப்பவருக்கு அந்த வீட்டைக் கொடுக்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் காட்டிக் கொடுக்கிறது.

வீடு கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஊரில் நிபந்தனை பேசினால் எதுவும் மிஞ்சாது என்று சிலர் சொல்வார்கள். தட்டுப்பாடு உண்மைதான். 2023-24இல் மட்டும் ஏறத்தாழ 49,000 இந்திய மாணவர்கள் ஜெர்மனியில் படித்தார்கள். அத்தனை பேருக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டும். ஆனால் மோசடிக்காரன் நம்பியிருப்பதும் இந்த அவசரத்தைத்தான். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பது அவன் வழக்கமாகப் பாடும் பாட்டு. ஜெர்மன் சட்டப்படி முன்பணம் என்பது வெந்நீர்ச் செலவு போன்றவை சேராத அடிப்படை வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டலாம்; முதல் தவணையே குடித்தனம் தொடங்கும்போதுதான். பத்து மாத அட்வான்ஸ் பார்த்துப் பழகிய சென்னைக்காரருக்கு மூன்று மாதம் என்பது சிறிய தொகையாகத் தோன்றும். கேட்டவுடன் அனுப்பிவிடவும் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். நிபந்தனை பேசியதால் கைவிட்டுப் போகும் வீடுகளில் பாதுகாப்பானவை குறைவாகவே இருக்கும்.

குழந்தை குட்டியோடு போகிறவர் அங்கே இறங்கிய பிறகா வீடு வீடாக அலைவது என்பது இன்னும் கனமான கேள்வி. இதற்கு நேர் வழி, தங்குவதை இரண்டாகப் பிரித்துக்கொள்வது. முதல் மூன்று நான்கு வாரத்துக்குப் பல்கலைக்கழக விருந்தினர் இல்லமோ சமையல் வசதியுள்ள தங்கும் விடுதியோ போதும். அதற்குள் மற்றதை நேரில் பார்த்து முடிக்கலாம். இதில் செலவு கூடும், ஒரு தடவை பெட்டி மாற்றும் சிரமமும் உண்டு. ஆனால் தெரியாத ஒருவருக்கு மூன்று மாத வாடகையை அனுப்பிவிட்டு இழப்பதோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. மாணவர்கள் இடம் கிடைத்த அன்றே மாணவர் விடுதிக்கு மனுப் போட்டுவிட வேண்டும். அங்கே பதிவுச் சிக்கல் வராது. இங்கிருந்தபடியேதான் முடிவு செய்தாக வேண்டும் என்றால், காணொளி அழைப்பில் சோபாவைக் காட்டச் சொல்ல வேண்டாம். கீழே இறங்கி வாசல் மணியையும் அஞ்சல்பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். அங்கே உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் காரணம் கேளுங்கள்.

பதிவு செய்தால் செலவும் பின்னாலேயே வரும் என்பார்கள். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமாக மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும், உண்மை. அது ஆளுக்கல்ல, வீட்டுக்கு ஒன்று. அதே வீட்டுக்கு இன்னொருவர் ஏற்கெனவே கட்டி வந்தால் நாம் கட்ட வேண்டியதில்லை. வாடகை விஷயம் இதைவிடப் பெரியது. 2015இல் வந்த வாடகைக் கட்டுப்பாடு தற்காலிகத் தங்கலுக்குப் பொருந்தாது. அதனால் சாமான் வீடுகளில் விலை சொல்கிறவர் கை ஓங்கியிருக்கிறது. மின்சாரம், இணையம், வெப்பமூட்டல் எல்லாம் சேர்ந்த தொகையா என்று எழுத்தில் வாங்குவதும், மேசையிலிருந்து கரண்டி வரை பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுவதும் இங்கே கட்டாயம். சட்டம் தளர்ந்திருக்கும் இடத்தில் நம்மைக் காப்பது காகிதம்தான்.

நல்ல கட்டிலும் மெத்தையும் வாடகைக்கு எங்கேயும் கிடைக்கும். சட்டப்படி நாம் இங்கே வாழ்கிறோம் என்ற சான்றை வீடு கொடுப்பவரிடமிருந்து மட்டுமே பெற முடியும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். அயல்நாட்டில் சில மாத வாழ்க்கைக்கு அந்தச் சுவர், அஞ்சல்பெட்டியின் மேல் நம் பெயர் எழுதிய சின்னச் சீட்டு.