டெங்கு: காய்ச்சல் தணியும்போதே கூடுதல் கவனம் தேவை

இந்தியாவில் டெங்கு ரத்தக்கசிவுக் காய்ச்சல் முதன்முதலில் பெருமளவில் பரவியது கொல்கத்தாவில்தான், ஆண்டு 1963-64. இன்றும் காளிகாட் போன்ற நெரிசலான பகுதிகளில் மழைக்காலக் காய்ச்சல் என்றதும் தட்டணு எண்ணிக்கை பற்றிய அச்சமே முந்துகிறது. உண்மையில், கவனிக்க வேண்டியது நாள் கணக்கை.

முதல் ஐந்து நாள்களில் என்எஸ்1 பரிசோதனையும் அதன்பின் ஐஜிஎம் பரிசோதனையும் நோயை உறுதிப்படுத்த உதவும். பெரும்பாலும் மூன்று முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில், ரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கலாம். குணமாகிவிட்டது எனக் குடும்பத்தினர் நிம்மதியடைவதும் அப்போதுதான்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றை உலக சுகாதார அமைப்பு 2009-இல் எச்சரிக்கை அறிகுறிகளாக வகுத்தது. இவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திரவக் கசிவை உணர்த்துவது தட்டணுச் சரிவு மட்டுமன்று. உடன் உயரும் ஹீமாடோகிரிட் அளவே.