பல்லிப் பாடம்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படை நடுங்கட்டும். குரங்கு நடுங்குமா என்று அமெரிக்காவில் விஸ்கான்ஸினில் பார்த்தார்கள். காட்டிலிருந்து பிடித்து வந்த குரங்குகள் பாம்பைக் கண்டு மிரண்டு, அதற்கு அந்தப் பக்கம் வைத்த தீனியைத் தொடவே இல்லை. பரிசோதனைச்சாலையில் பிறந்து வளர்ந்த குரங்குகளோ, 'அதுக்கென்ன இப்ப?' என்கிற மாதிரி பாம்புக்கு மேலாகக் கையை நீட்டி எடுத்துத் தின்றன!

ஸூஸன் மினேகா என்ற மனோதத்துவ நிபுணரும் கூட்டாளிகளும் ஒரு காரியம் செய்தார்கள். அப்பா அம்மா மிரள்வதைப் பிள்ளைக் குரங்குகள் பார்க்கும்படி வைத்தார்கள். கொஞ்ச நேரம்தான். ஆறில் ஐந்துக்குப் பயம் ஒட்டிக்கொண்டது. மூன்று மாசம் கழித்துச் சோதித்தபோதும் போகவில்லை. 1984-ல் வெளியான ஆராய்ச்சி. ஒரு கடிகூட வாங்காமல் கற்ற பாடம் ஸார்!

1989-ல் வீடியோவை வெட்டி ஒட்டி இன்னொரு கில்லாடித்தனம். பொம்மை முதலையைப் பார்த்து ஒரு குரங்கு மிரள்கிற மாதிரி ஒரு படம். அதே மிரட்சி, எதிரே பொம்மை முயல் என்று இன்னொரு படம். முதல் படத்தைப் பார்த்தவை முதலைக்குப் பயந்தன. முயல் படம் பார்த்தவை முயலை லட்சியமே செய்யவில்லை. குரங்குக்கு இருக்கிற விவஸ்தை!

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். எங்கள் எதிர் ஃப்ளாட்டில் சுவரில் ஒரு பல்லி. இரண்டு வயசுக் குழந்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அம்மா சோபா மேல் ஏறி ஒரு கூப்பாடு போட்டார். இப்போதெல்லாம் பல்லி வந்தால் குழந்தையும் சோபா மேல். இத்தனைக்கும் வீட்டுப் பல்லிக்கு விஷமே கிடையாது. 'சாப்பிடலைன்னா நாய்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்' என்பது அடுத்த பாடம். அந்தப் பிள்ளை தெருவில் நாயைக் கண்டால் ஓடும். ஓடுகிறவனைத் துரத்துவது நாயின் சுபாவம்.

பாம்பு விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. எலியைத் தின்று வயலுக்கு உபகாரம் செய்கிற, விஷமில்லாத சாரையை ஊரே கூடி அடிக்கிறோம். ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலிகூட இருக்காது. 'ஏதோ பூச்சி' என்று திரும்பிப் படுத்துவிடுகிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் செத்திருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு. குழந்தைக்குச் சொல்லித் தருவதானால் இருட்டில் டார்ச், படுக்கையைச் சுற்றிச் செருகிய கொசுவலை, கடித்தால் மந்திரிக்கிறவரைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரி, இவற்றைத் தரலாம்.

கற்ற பயத்தை மறக்கடிக்கவும் வழி உண்டு. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். கடைசியில் பயல் முயலைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டான்.

நம் வீட்டில் தின்பண்டம் ஊட்ட ஆள் இருக்கிறது. பல்லியைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் ஆள் வேண்டும். என்னைப் பார்க்காதீர்கள்.