வேதாவோட அம்மாவும் உங்க வீட்டுப் பொண்ணும்

வீட்டுல எட்டாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் படிக்கிற பிள்ளை இருக்கா? அப்ப இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதற நான் இன்னைக்கு ஒரு நாவலைப் பத்தி எழுதறேன். அதுவும் கவிதையில எழுதின நாவல். டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இருக்கு.

புத்தகம் பேரு ‘எ டைம் டு டான்ஸ்’. எழுதினவர் பத்மா வெங்கட்ராமன். நம்ம சென்னையில பிறந்தவர், அமெரிக்கா போய் கடலியல் விஞ்ஞானி ஆனவர். 2014ல ஆங்கிலத்துல வந்துச்சு. பதின்வயசுப் பிள்ளைங்களுக்காக எழுதினது. கதை நடக்கிறதும் சென்னையிலதான்.

வேதா பரதநாட்டியம் ஆடற பொண்ணு. உயிரே அதுதான். அம்மாவுக்கு அவ இன்ஜினியர் ஆகணும். பாட்டி மட்டும் வேதா பக்கம். ஒரு பெரிய போட்டியில ஜெயிச்ச கையோட விபத்து. ஒரு கால் முழங்காலுக்குக் கீழ போயிடுது. பழைய குரு கைவிட்டுடறார். செயற்கைக் கால் வருது. வேற குருகிட்ட அடவுல இருந்து திரும்ப ஆரம்பிக்கிறா. பாட்டியைப் பத்தி மேல சொல்ல மாட்டேன், நீங்களே படிச்சுக்குங்க.

கவிதைன்னதும் வெண்பா, விருத்தம்னு பயந்துடாதீங்க. பேசற பேச்சை, மூச்சு விடற இடத்துல மடிச்சு மடிச்சு எழுதினா எப்படி இருக்கும், அப்படி இருக்கும். ஒரு பக்கத்துல பாதி வெள்ளையா கிடக்கும். பாடப் புத்தகத்தைப் பார்த்தாலே கொட்டாவி விடற பிள்ளைகூட ரெண்டு மூணு நாள்ல முடிச்சிடும்.

முதல்ல டாக்டரா ஒரு வார்த்தை. இந்தப் பக்கம் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அம்பத்தூர் எஸ்டேட்னா பவர் பிரஸ்ல போன விரல். சி.டி.எச். ரோடுன்னா பைக்ல போன கால். மத்ததெல்லாம் சுகர்ல அழுகின பாதம். முழங்காலைக் காப்பாத்திட்டா பாதி ஜெயிச்ச மாதிரி. மடக்க முடியும், படி ஏற முடியும், நடக்கிறதுக்கு ஆகற சக்தியும் ரொம்பக் குறைவு. வேதாவுக்கு அரைமண்டி சாத்தியமாகறதே முழங்கால் மிச்சம் இருக்கிறதாலதான். கதையில இதெல்லாம் ஏமாத்து வேலை இல்லாம வருது. வெட்டின இடத்துல வீக்கம் வத்தணும், கால் அளவு திரும்பத் திரும்பப் பார்க்கணும், ஆரம்பத்துல விழுந்து எழுந்துதான் ஆகணும்.

இல்லாத கால் வலிக்கிறதும் வருது. ஆங்கிலத்துல ஃபாண்டம் லிம்ப் வலிம்போம். நம்ம ஸ்டான்லியில எம்.பி.பி.எஸ். படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் 1990கள்ல ஒரு சாதாரண முகம் பார்க்கிற கண்ணாடியை வச்சு இதுக்கு வைத்தியம் காட்டினாரே, அதே வலி. வார்டுல வீட்டு ஆளுங்க சொல்றது எப்பவும் ஒண்ணுதான்: “காலே இல்லையேப்பா, அப்புறம் எப்படி வலிக்கும்?” வலிக்கும். மூளையில அந்தக் காலோட இடம் அப்படியே இருக்கு. வலி நிஜம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். “காலே இல்லையே, எப்படி வலிக்கும்”னு கேட்கிற அதே குரல்லதான் நாம வளர்ந்த பிள்ளைங்களைப் பார்த்து “உனக்கென்ன கஷ்டம்? வேளாவேளைக்கு சோறு வருது, போன் இருக்கு, படிக்கிறது மட்டும்தானே வேலை”ன்னு கேட்கிறோம்.

ஓபியில இது தினம் நடக்கும். பத்தாவது படிக்கிற பொண்ணுக்குத் தலைவலி. சில நாள் வயித்து வலி. சில நாள் மயக்கம். ரத்தம் பார்த்தாச்சு, ஸ்கேன் பார்த்தாச்சு, கண்ணும் பார்த்தாச்சு. எல்லாம் நார்மல். “எத்தனை நாளா வலிக்குது?”ன்னு பொண்ணைப் பார்த்துக் கேட்பேன். அம்மா பதில் சொல்வாங்க. “தூக்கம் வருதாம்மா?”ன்னு பொண்ணைத்தான் கேட்பேன். அதுக்கும் அம்மா. பொண்ணு ஃபேனைப் பார்த்துட்டு இருக்கும்.

“அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய உட்காருங்க”ன்னு சொன்னா முகம் மாறும். எனக்குத் தெரியாம என் பிள்ளைகிட்ட என்ன பேச்சுன்னு. வெளிய நூறு பேர் டோக்கனோட நிக்கிறாங்க, ஆனாலும் இந்த அஞ்சு நிமிஷத்தை நான் விடறதில்லை. முதல்ல “ஒண்ணுமில்ல”ன்னு வரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது. அப்புறம் நாலே வார்த்தை. “வீட்ல பேசவே மாட்டாங்க டாக்டர். கேள்விதான் கேட்பாங்க.” திரும்ப மௌனம்.

வேதாவோட கதை ஏன் உரைநடையில இல்லாம இப்படி எழுதியிருக்குன்னு எனக்குப் புரிஞ்சது இதனாலதான். அந்த வயசுப் பிள்ளை பத்தி பத்தியா பேசாது. நாலு வார்த்தை பேசும், நிறுத்தும். அந்த வெள்ளை இடத்துலதான் சொல்லாதது எல்லாம் இருக்கு. பிள்ளை நிறுத்தின இடத்துல நீங்க உடனே வாயைத் திறந்தீங்கன்னா, அடுத்த வரி வராமலே போயிடும்.

வேதாவோட அம்மா கெட்டவங்க இல்லை. மகளுக்கு நிலையான ஒரு வேலை வேணும்னு நினைக்கிறாங்க. பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ரோட்டோரம் நிக்கிற இன்ஜினியரிங் காலேஜ்களை எண்ணிப் பாருங்க, எத்தனை அம்மாக்களோட பயத்துல கட்டினதுன்னு புரியும். நான் அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ணலை. ஆனா இந்த நாவல்ல டாக்டர் சரி பண்ற கால் ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மாவும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறதுக்கு எத்தனை பக்கம் ஆகுதுன்னு கவனிங்க. அதுதான் எனக்கு முக்கியமாப் பட்டது.

இங்க உங்களுக்கு சுதா சந்திரன் ஞாபகம் வந்திருக்கும். 1981ல திருச்சி பக்கம் பஸ் விபத்து, பதின்வயசுல கால் போச்சு, ஜெய்ப்பூர் காலோட மேடைக்குத் திரும்பினாங்க, 1985ல ‘மயூரி’ங்கிற தெலுங்குப் படத்துல தன் கதையில தானே நடிச்சாங்க. ஜெய்ப்பூர் கால் 1968ல ராம் சந்திர சர்மாங்கிற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து பண்ணினது. வெறுங்காலோட நடக்கலாம், குந்தி உட்காரலாம். நம்ம ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தின கால். ஆனா சுதா சந்திரன் கதையை நாம பள்ளிக்கூட மேடையில எப்படிச் சொல்றோம்? தன்னம்பிக்கை, விடாமுயற்சி, கைத்தட்டல். ராத்திரி அந்த வீட்டுல யார் யார்கூட என்ன பேசியிருப்பாங்க, யார் பேசாம இருந்திருப்பாங்கன்னு எந்த மேடையிலயும் யாரும் கேட்கிறதில்லை. பத்மா அந்த இடத்துலதான் பேனாவை வைக்கிறார்.

உலகம் முழுக்க இந்த மாதிரி கவிதை நாவல் பிள்ளைங்களுக்கு நிறைய வருது. ரெண்டு மட்டும் சொல்றேன். எலிசபெத் அசெவெடோவோட ‘தி பொயட் எக்ஸ்’ 2018ல அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வாங்கினது. அதுல பொண்ணோட கவிதை நோட்டு அம்மா கையில சிக்கிடும், அம்மா எரிச்சிடுவாங்க. நீங்க நோட்டை எரிக்க மாட்டீங்க, சரி. போன் பாஸ்வேர்டு கேட்டு சண்டை போட்டிருப்பீங்க இல்ல? இன்னொண்ணு க்வாமி அலெக்ஸாண்டரோட ‘தி க்ராஸ்ஓவர்’. 2015ல நியூபெரி பதக்கம். அப்பாவுக்கு பிரஷர், டாக்டர்கிட்ட வரமாட்டேன்னு அடம். முடிவு என்னன்னு நான் சொல்லாமலே தெரியும். அந்த அப்பாவை அம்பத்தூர்ல தெருவுக்கு நாலு பேரா காட்டறேன். மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வாசலுக்கே வந்தாலும் “எனக்கு ஒண்ணுமில்ல”ம்பார்.

‘இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்’னு ஒருத்தர் கமெண்ட் போடுவீங்க. அவருக்கு ஒரே வார்த்தை: மணிமேகலை.

பள்ளிக்கூடத்துல ‘ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார்’னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அதேதான். கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. ஒரு இளம்பொண்ணு. அப்பா கோவலன் கொலையுண்டாச்சு. அம்மா மாதவி எல்லாத்தையும் விட்டுட்டு துறவுக்குப் போயிட்டா. பாட்டி சித்திராபதிக்கோ பேத்தி குலத்தொழிலுக்கு வரணும், ஆடணும். வரலைன்னா ஊர் பழிக்கும்னு ஆள் மேல ஆள் விடறா. போதாததுக்கு ஒரு ராஜகுமாரனைத் தூண்டி விடறா. அந்தப் பொண்ணு மனசும் அவன் பின்னால போகுது, அதைத் தோழிகிட்ட ஒளிக்காம சொல்றா. மூணு தலைமுறைப் பெண்கள், ஒரு வீடு, ஆட்டம் வேணுமா வேண்டாமாங்கிற இழுபறி. வேதா கதையில பாட்டி ஆடச் சொல்றாங்க, அம்மா வேண்டாங்கிறாங்க. மணிமேகலையிலயும் பாட்டி ஆடச் சொல்றா, அம்மா வேண்டாங்கிறா. ஆனா வேதாவுக்கு ஆடணும், மணிமேகலைக்கு வேண்டாம். பிள்ளைக்கு என்ன வேணும்னு யாரும் கேட்காம ரெண்டு பக்கமும் இழுக்கிறது மட்டும் இத்தனை நூற்றாண்டா மாறலை. பதின்வயசுப் பிள்ளைங்களுக்கான கவிதை நாவல்னா அது நம்மகிட்ட அப்பவே இருந்திருக்கு. நாமதான் அதைக் கேள்வித்தாள் ஆக்கிட்டோம்.

ஒரு குறையும் சொல்லணும். வேதா வீட்டுல நாட்டிய கிளாஸ், போட்டின்னு வசதி இருக்கு. நல்ல கால் செஞ்சு தர ஒரு அமெரிக்கர் வரார், அவர் மேல அவளுக்குக் கொஞ்சம் ஈர்ப்பும் வருது. எனக்கு அந்தப் பகுதி அவ்வளவா ஒட்டலை. பட்டாபிராம்ல கால் போன பிள்ளை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துலதான் வந்து உட்காரும். கூட வர்ற அப்பாவுக்கு அன்னைக்குக் கூலி போகும். அந்த அப்பாவும் பிள்ளையும் திரும்பிப் போற லோக்கல் ட்ரெயின்ல என்ன பேசிக்குவாங்க, இல்ல பேசாமலே ஆவடி வந்துடுமா? அதை இங்க இருந்து யாராவது எழுதணும். தமிழ்ல, நம்ம பேச்சுல. கவிதை எழுதற தம்பி தங்கைகளே, காதல் கொஞ்சம் இருக்கட்டும், இதை எழுதுங்க.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட 2022 கணக்கு. நாட்டுல நடந்த தற்கொலைகள்ல குடும்பப் பிரச்சினை காரணம்னு பதிவானது 31.7 சதவீதம். பரீட்சைத் தோல்வி 1.2 சதவீதம். இது எல்லா வயசுக்கும் சேர்த்துதான். இருந்தாலும் ரிசல்ட் வர்ற அன்னைக்கு மட்டும் பதறிட்டு, மத்த நாளெல்லாம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி நடக்கிற சண்டையை ‘வீட்டுக்கு வீடு வாசப்படி’ன்னு விட்டுடறோம்.

அதனால புத்தகத்தை வாங்கினா முதல்ல நீங்க படிங்க. பிள்ளை கண்ணுல படற மாதிரி ஹால்ல வச்சுட்டுப் போயிடுங்க. “படிச்சியா? என்ன புரிஞ்சுது?”ன்னு மட்டும் கேட்காதீங்க, அதுவும் இன்னொரு பரீட்சை ஆயிடும்.

பிள்ளை தூங்காம, சாப்பிடாம, ரொம்ப ஒதுங்கி இருந்தா காத்திருக்க வேண்டாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. டெலி மானஸ் 14416, காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். பிள்ளைங்க மட்டும்தான் கூப்பிடணும்னு இல்லை. அப்பா அம்மாவும் கூப்பிடலாம்.