பயிர்க்கடனில் எருவுக்கும் இடம் வேண்டும்

மானாவாரி வேளாண்மை மழையை நம்பியது என்பதை யாவரும் அறிவர். ஆனால், பெய்த மழையில் எவ்வளவு நிலத்தில் தங்கும் என்பது மண்ணிலுள்ள மக்கின் அளவையும் பொறுத்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தழையும் வேரும் சாணமும் மக்கி மண்ணோடு கலந்து நிற்கும் பொருளில் பாதிக்கு மேல் கரிமமே. பயிர் காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு ஈட்டிய செல்வம் அது. மண்ணில் தங்கும்வரை ஈரத்தையும் சத்தையும் காக்கும். மண்ணை விட்டு நீங்கினால் மீண்டும் காற்றில் கலந்து உலகின் வெப்பத்தைப் பெருக்கும்.

2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் இக்கரிமத்தின் அளவும் குறிக்கப்படுகிறது. 0.5 சதவீதத்துக்கு உட்பட்டால் 'குறைவு' என்பது கணக்கு. நம் புன்செய்களில் மிகப் பலவும் இவ்வகுப்பையே சேர்ந்தவை. வெயில் மிகுதியால் மக்கு விரைவில் அழிகிறது. உழவு மாடு போய் டிராக்டர் வந்தபின் தொழுவத்து எருவும் அருகிவிட்டது. பருத்திமார் அடுப்புக்குப் போகிறது; அல்லது வயலிலேயே கொளுத்தப்படுகிறது. எடுப்பது ஆண்டுதோறும், இடுவது எப்போதோ ஒருமுறை என்றால், அந்தக் கணக்கு நட்டத்தில்தான் முடியும்.

பரிகாரம் புதியதன்று. ஏக்கருக்கு 5 டன் தொழு எரு என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலும் எருவின் பயனைக் காட்டி வருகிறது. ஆட்டுக்கிடை, பருத்தியில் உளுந்து ஊடுபயிர், நறுக்கி மக்கவைத்த பருத்திமார் ஆகிய யாவும் நம் உழவர் அறிந்தவையே. அவர்களிடம் குறைந்திருப்பது அறிவன்று, கைமுதல்.

இங்கேதான் சங்கத்தின் பொறுப்பு வருகிறது. நாம் தரும் பயிர்க்கடனில் ரொக்கப் பகுதியும் பொருட்பகுதியும் உண்டு. பொருட்பகுதி என்பது நடைமுறையில் பெரும்பாலும் மூட்டை உரமே. எருவுக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் ரசீது கேட்கிறோம். கிடை போட்ட கீதாரி ரசீதுக்கு எங்கே போவார்? மேலும், எருவின் பயன் மூன்று நான்கு ஆண்டுகள் நீடிக்க, கடனை மட்டும் ஓராண்டுக்குள் திருப்பச் சொல்வது முறையாகாது. எருவுக்கென மூன்றாண்டு மத்திய காலக் கடன் தருவதே பொருந்தும்.

"தணிக்கைக்கு எதைக் காட்டுவது?" என்று செயலாளர்கள் வினவுவர். ஆய்வாளன் என்ற முறையில் விடை கூறுகிறேன். விற்றவர் கையொப்பமிட்ட வவுச்சர், வயலைப் பார்த்த இரு நிர்வாகக் குழு உறுப்பினரின் சான்று, மூன்றாம் ஆண்டில் ஒரு மண் பரிசோதனை ஆகிய மூன்றும் போதும். பயிர்க்கடன் அளவை ஆண்டுதோறும் வகுக்கும் மாவட்டத் தொழில்நுட்பக் குழுவில் இக்கோரிக்கையை நம் பிரதிநிதிகள் எழுப்ப வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் அவசியம். 2023-இல் நம் நாட்டில் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மண்ணில் சேரும் கரிமத்துக்கு விலை தருவதாகக் கூறி ஒப்பந்தத்தோடு வருவோர் இனிப் பெருகலாம். ஓர் ஏக்கரில் அரையடி ஆழத்து மண் ஏறக்குறைய 900 டன் எடையுள்ளது. அதில் 0.1 சதவீதம் கரிமம் கூட வேண்டுமானால் 900 கிலோ நிலைத்துத் தங்க வேண்டும். இடும் எருவில் பெரும்பகுதி மீண்டும் காற்றிலே கலந்துவிடுவதால், வறண்ட பூமியில் இது பல்லாண்டு வேலை. எரு நின்றால் சேர்ந்ததும் கரையும். ஆகவே, நெடுங்காலப் பொறுப்பை ஏற்கும் பத்திரத்தில் மூன்று ஏக்கர் உழவர் தனித்துக் கையொப்பமிடலாகாது. சங்கத்தின் முன் வைக்கட்டும். அளப்பதையும் பேரம் பேசுவதையும் சங்கம் செய்யட்டும். அத்தொகை வந்தால் உபரி வரவு; ஈரம் காக்கும் நிலமே உண்மை வரவு.

இதில் நெசவாளருக்கு என்ன என்று கேட்கலாம். கரிசலில் பருத்தி பொய்த்தால் நூல் விலை ஏறும். தறியும் அதை உணரும். கூலியில் ரூபாய்க்குச் சில காசு பிடித்துச் சிக்கன நிதி சேர்க்கும் நெசவாளர், சிறுகச் சேர்ப்பதன் வலிமையை நன்கறிவர். நிலத்துக்கும் அத்தகைய சிக்கன நிதி ஒன்று வேண்டும். வரும் பொதுப்பேரவையிலேயே எருக்கடன் தீர்மானத்தை முன்மொழியுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.